பெயர் கேட்காத சாவடி

சின்னராசு வந்து வாசலில் நின்றபோது நான் எட்டாம் வகுப்புக்கு இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு காலத்தில் எங்கள் சாவடியில் கஞ்சி குடித்த பையன் அவன். இன்று பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வேலை நேரத்தில் வெளியே வருகிறவன் அல்ல. "சார், அக்கா போயிட்டாங்க" என்றான். கஞ்சிப் பானையை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்தவர், அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாராம்.

எனக்கு முதலில் அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. முந்தின நாள் மாலைகூட டாக்டரிடம் போங்கள் என்று கெஞ்சியிருந்தேன். "உங்களுக்கு வேற வேலை இல்லீங்களா வாத்தியாரே?" என்று முறத்தை உதறிக்கொண்டு எழுந்து போனார். ராமாத்தாள் அக்காவிடம் ஒருமுறையாவது பேசிப் பார்த்தவர்களுக்கு இந்த எரிச்சல் எப்படிப்பட்டது என்று தெரியும்.

அக்காவின் கணவருக்கு ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு பஞ்சுக் கிடங்கு இருந்தது. அவர் இறந்த பிறகு அதைக் கம்பெனிக்கு வாடகைக்கு விடச் சொல்லிக் குன்னத்தூர்ச் சொந்தக்காரர்கள் நெருக்கினார்கள். அந்தச் சமயத்தில் யாரையோ ரயிலேற்றிவிடப் போன அக்கா, பிளாட்பாரத்தில் தூங்கிய பையன்களைப் போலீஸ்காரர் லத்தியால் தட்டி விரட்டுவதைப் பார்த்தார். திருப்பூரில் வேலை கிடைக்கும் என்று கேள்விப்பட்டு வண்டியேறி வந்த பையன்கள். வேலை கிடைக்கும்வரையிலும், கிடைத்த வேலை போன பிறகும் அவர்களுக்குப் படுக்க இடம் கிடையாது. அக்கா அவர்களை அப்படியே கிடங்குக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். அதுதான் எங்கள் சாவடி. சொந்தக்காரர்கள் அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அடுத்த வாரம் அக்கா பள்ளிவாசல் தெருவில் இருந்த என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "சாயந்தரம் சும்மாத்தானுங்களே இருக்கீங்க? வந்து இவனுங்களைப் பாத்துக்கங்க." என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, திரும்பி நடந்துவிட்டார்.

எந்தப் பையனும் எப்போதும் வரலாம். குளிக்கலாம், கஞ்சி குடிக்கலாம், படுக்கலாம், போகலாம். கதவுக்குப் பூட்டு கிடையாது. பானை திருட்டுப் போனபோது பூட்டு வாங்கச் சொன்னேன். "பானையை எடுத்துட்டுப் போனவன் அதுல சோறாக்கத்தானுங்களே போறான்?" என்றார். இரண்டாவது பானையும் போயிற்று. ஒரு நாள் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சாக்கடை அடைப்பை எடுத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தால் சட்டையைக் காணோம். அதை மறுநாள் சந்தையில் பார்த்தேன், தோள் தொங்கத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒரு பையன் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். அக்காவிடம் கேட்டதற்கு, "வேலை கேக்கப் போறவன் வெறும் ஒடம்போட போறதுங்களா? உங்களுக்குத்தான் ஊட்ல இன்னொண்ணு இருக்குதுங்களே" என்றார். என் வீட்டில் இன்னொன்று இருப்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அரிசி கிடைக்காத வருஷங்கள் அவை. நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் கஞ்சியைக் கொண்டுவந்து சமாளித்தோம். மற்ற மாதங்களில் சோளக்கஞ்சிதான். ஒரு பனியன் கம்பெனி முதலாளியின் பின்னால் அலைந்து அலைந்து, அரிசி தருவதாக ஒப்புக்கொள்ள வைத்தேன். இடத்தைப் பார்க்க அவரே காரில் வந்தார். நான் மாலையோடு நின்றேன். அக்கா அவரை நேராகப் பார்த்து, "அரிசி இருக்கட்டுங்க. ஷிப்ட் முடிஞ்சதும் பசங்களைக் கேட்டுக்கு வெளிய தள்ளிப் பூட்டறீங்களே, அவனுங்க எங்கீங்க போய்ப் படுப்பானுங்க?" என்றார். மாலை என் கையிலேயே இருந்தது. கார் போய்விட்டது. நான் பல நாட்கள் அக்காவோடு பேசவில்லை. அதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. பின்னால் அந்தக் கம்பெனிக்குள் பையன்கள் படுக்க ஒரு கொட்டகை போட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அரிசி மட்டும் வரவேயில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பெயர் விஷயத்தில்தான் எங்களுக்குள் ஓயாத சண்டை. வருகிற பையனிடம் பெயரும் ஊரும் கேட்க வேண்டும் என்பேன். "கேக்காதீங்க. கேட்டா ஓடிப்போயிருவானுங்க" என்பார். எல்லோரையும் 'கண்ணு' என்றே கூப்பிடுவார்.

ஒரு காலையில் கொமரலிங்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். தோளில் துண்டு, கால் முழுக்கப் புழுதி. "அம்மணி, எம்பையன் இங்க வந்தானுங்களா? வேலுச்சாமின்னு பேரு. மாடு முட்டி நெத்தியில தழும்பு இருக்குமுங்க."

அக்காவுக்கு உடனே தெரிந்துவிட்டது. "வந்தானுங்க. நாலஞ்சு நாள் இருந்தான்."

"இப்ப எங்கீங்க?"

"கேக்கலீங்க."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "எருமையை ஒழுங்காக் கட்டலீன்னு ஒரு அடி அடிச்சனுங்க. அவங்காத்தா சோறு தண்ணி இல்லாமக் கெடக்கறா" என்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "இதற்குத்தானே அக்கா படித்துப் படித்துச் சொன்னேன்!" என்று அந்த மனிதர் முன்னாலேயே கத்தினேன். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு, "எந்திரிங்க சாமி" என்று அவரை எழுப்பி, முன்னால் நடந்தார்.

நானும் பின்னால் போனேன். ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் நின்று, உள்ளே இருக்கும் பையன்களை வெளியே வரச் சொல்லி அக்கா சத்தம் போட்டார். காவல்காரர்கள் விரட்டினார்கள். சில இடங்களில் அசிங்கமாகப் பேசினார்கள். அக்கா அசையவில்லை. மறுநாள் சாயங்காலம், நொய்யல் கரையில் துணி வெளுக்கும் ஒரு பட்டறையில் வேலுச்சாமி கிடைத்தான். தொட்டிக்குள் நின்றுகொண்டிருந்தவன், அப்பாவைப் பார்த்ததும் ஏறி ஓடப் பார்த்தான். அக்கா வழியை மறித்து நின்றார்.

"நான் வரலீங்க. அடிப்பாருங்க" என்றான்.

அந்த மனிதர் அடிக்கவில்லை. பையனின் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தார். பிளீச்சிங் பவுடரில் உள்ளங்கைத் தோல் வெடித்துப் பாளம் பாளமாக உரிந்திருந்தது. "பாலு கறக்கற கையாச்சேடா" என்றார். பையன் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினான்.

அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது, "இனிமேலாவது பெயர் கேட்போமா?" என்றேன்.

"பேரைக் கேட்டிருந்தா அவன் அன்னிக்கே ஓடியிருப்பானுங்க. அப்புறம் நம்ம கண்ணுலயே பட்டிருக்க மாட்டான்" என்றார். இப்படிப்பட்ட மனுஷியோடு எதைப் பேசுவது? நான் வேகமாக நடந்து வீட்டுக்குப் போய்விட்டேன்.

அடுத்த நாள் சாவடிக்குப் போனபோது புதிதாக ஒரு பையன் கஞ்சிக்கு உட்கார்ந்திருந்தான். அக்கா கரண்டியை நிறுத்தி, "கண்ணு, உன்னைக் காணோம்னு ஊட்ல யாராச்சும் அழுவாங்களா?" என்று அதட்டலாகக் கேட்டார். அவன் இல்லையென்று தலையாட்டினான். "சரி, குடி" என்றார். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு பையனிடமும் அதைக் கேட்டார். ஆமாம் என்றவனை, ஊருக்குத் தகவல் சொல்லும்வரை விடாமல் நச்சரித்தார். அழ ஆளில்லாதவனைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். கொமரலிங்கத்துக்காரர் வந்து போனதால்தானே இந்தக் கேள்வி என்று ஒருமுறை மடக்கினேன். "நான் எப்பவும் கேக்கறதுதானுங்களே!" என்று கூசாமல் சொன்னார்.

அக்காவை எடுத்துக்கொண்டு போனபோது சின்னராசுவும் அவனையொத்தவர்களும் தோள் கொடுத்தார்கள். அவர்களில் பாதிப்பேரின் உண்மையான பெயர் எனக்கு இன்றும் தெரியாது. மறுநாள் சாவடியைப் பெருக்கலாம் என்று போனேன். தெற்கே எங்கிருந்தோ ரயிலில் வந்த ஒரு பையன், நடந்தது எதுவும் தெரியாமல், காலி அடுப்பைப் பார்த்தபடி நின்றான். உன் பெயர் என்ன என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். அக்காவின் கேள்விதான் வெளியே வந்தது. அவன், "தங்கச்சி அழுவும் சார்" என்றான்.

அக்கா எனக்கு விட்டுப்போனது அந்த ஒரு கேள்விதான். நயமாகக் கேட்டுப் பார்த்தேன், பையன்கள் பொய் சொல்கிறார்கள். அதனால் நானும் இப்போது அதட்டித்தான் கேட்கிறேன்.