ராத்திரி ஷிப்ட் வாரத்துப் பிள்ளை

பால்வாடி வேலையில் பிள்ளைகளை மேய்ப்பது சுலபம். அவர்களுக்குப் பெற்றவர்கள் கொடுக்கிற சர்டிபிகேட்டைக் கேட்டுக்கொண்டு நிற்பதுதான் கஷ்டம். வாண்டுகளிடம் மாட்டிக்கொண்ட எல்லா டீச்சர்களுக்கும் இது தெரியும். தொண்ணூற்றொன்றில் நான் மண்ணூர் பால்வாடியில் மாட்டியிருந்தேன்.

காலில் சக்கரம்

செல்வி தன் நான்கு வயது மகன் பாபுவை ஒரு திங்கட்கிழமை இழுத்துக்கொண்டு வந்தாள். அவன் கையில் மந்திரித்த கறுப்புக் கயிறு. "கால்ல சக்கரம் கட்னா மாரி ஓடிக்கினே கீறான் டீச்சர், காத்து கருப்பு எதுனா அடிச்சிருக்கும்" என்றாள்.

நானும் அன்று முழுக்கப் பார்த்தேன். ஓடினான், விழுந்தான், இரண்டாவது சத்துமாவு உருண்டை கேட்டான், மறுபடி ஓடினான். நான்கு வயதுக்கு வேறென்ன உத்தியோகம்? மத்தியானம் கூப்பிட வந்தவளிடம் அதையே சொன்னேன்.

"உங்களுக்கு இன்னா டீச்சர், சோறு போட்டு அனுப்பிடுவீங்க. அப்பால வூட்ல கட்டி மேய்க்கறது யாரு?"

தங்கம்

அடுத்த வாரம் பாபுவைக் கொண்டுவந்து விட்டது அவன் அப்பா ஏகாம்பரம். கம்பெனியில் லைனில் வேலை. போன வாரம் ராத்திரி ஷிப்ட், இந்த வாரம் செகண்ட் ஷிப்ட். பையனிடம் ஒரு மாற்றமும் இல்லை, அதே ஓட்டம்தான். அப்பா பகலில் தூங்க வேண்டிய ஒற்றை அறை வீட்டில் அதற்குப் பெயர் காத்து கருப்பு. அப்பா ராத்திரியே தூங்கி எழுந்துவிட்டால்?

"தங்கமான புள்ள டீச்சர். சுறுசுறுப்புல அப்டியே என்னை மாரி."

நல்ல பிள்ளை

மறுபடி ராத்திரி ஷிப்ட் வாரம் வந்தது. பாபு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். எனக்கு அப்பாடா என்றிருந்தது. "இன்னைக்குத்தான் நல்ல பிள்ளையா இருந்தான்" என்று செல்வியிடம் மெச்சிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் உருண்டையைக் கையில் வைத்தபடியே தூங்கிப்போனான். தூக்கினால் தலை என் தோளில் தொய்ந்து விழுந்தது. வாயில் இருமல் மருந்து வாடை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் பார்த்துவிட்டு, தெளிந்துவிடுவான், இனி கொடுத்தால் உயிருக்கே ஆபத்து என்றார். இருமலே இல்லாத பிள்ளைக்கு எதற்கு மருந்து என்று செல்வியைப் பிடித்துத் திட்டினேன். அவள் அழுதாள்.

"அவரு தூங்கணும்னு ஒரு மூடிதான் ஊத்துனேன். நல்ல புள்ளன்னு நீங்க சொன்னீங்களே டீச்சர், அதான் இன்னொரு மூடி சேத்தேன்."

திருந்திய கதை

செல்வியின் வீட்டுக்குப் போய் மருந்துப் புட்டியை வாங்கி வந்தேன். ராத்திரி ஷிப்ட் வாரத்தில் பாபு நாலு மணி வரை பால்வாடியிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். வேலை கூடிப்போன கோபத்தில் பால்வாடி ஆயா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. பாபு இரண்டு சிலேட்டை உடைத்தான், தண்ணீர்ப் பானையைக் கவிழ்த்தான், மூன்று உருண்டை தின்றான். எனக்கு நிம்மதியாக இருந்தது.

சனிக்கிழமை ஏகாம்பரம் நன்றாகத் தூங்கிய முகத்தோடு வந்தார்.

"பையன் திருந்திட்டான் டீச்சர். பகல்ல வூட்ல சத்தமே இல்ல. கயிறு வேலை செஞ்சிடுச்சு."

ஒரு பிள்ளை எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொள்ள ஜாதகம் எதற்கு, அவன் அப்பாவின் ஷிப்டையும் டீச்சரின் அலுப்பையும் விசாரித்தாலே போதும்.