பட்டியலில் இல்லாத கிழங்கு

என் அப்பாவுக்கு ஊரில் எல்லோரையும் விட ஒரு வாய் கூடுதலாக இருந்தது. எனக்கு ஒன்பது வயதான வருடம், பெருங்குடலில் வந்த ஒரு கட்டிக்காக அவருக்குச் சத்திரசிகிச்சை செய்தார்கள். சிறுகுடலின் நுனியை வயிற்றின் வலப்பக்கத்தில் வெளியே எடுத்துத் தைத்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வாய் செவ்வரத்தம்பூ நிறத்தில் இருக்கவேண்டும், கறுத்தால் உடனே வரவேண்டும், பை அரைநாள் வெறுமையாகக் கிடந்தால் அதைவிட வேகமாக வரவேண்டும் என்று தாதி சொல்லிவிட்டிருந்தார்.

அன்றிலிருந்து அம்மா பயத்தையே தொழிலாக எடுத்துக்கொண்டார். பாரம் தூக்கினால் குடல் பிதுங்கும், தண்ணீர் குறைந்தால் உடம்பு வற்றும், பசை ஒத்துக்கொள்ளாவிட்டால் தோல் அவியும். குருநகரில் மற்ற வீடுகளில் விடிந்ததும் காற்று எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். எங்கள் வீட்டில் அம்மா அப்பாவின் சட்டையைத் தூக்கி நிறம் பார்த்த பிறகுதான் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டுவார். அப்பாவின் வள்ளத்தை மாமா கடலுக்குக் கொண்டுபோனார். அப்பா கதிரையில் இருந்தார்.

சாப்பிடக்கூடாதவற்றை அச்சடித்த ஒரு கடதாசியும் தந்திருந்தார்கள். அதை வாசிக்கும் உத்தியோகம் எனக்கு. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாததால் அல்ல, வாசித்தால் நெஞ்சு படபடக்குமாம். காளான், சோளப்பொரி, கச்சான் கடலை, அன்னாசி, செலரி என்று நான் பூசையில் வாசகம் வாசிப்பது போல வாசிப்பேன். செலரி மரத்தில் காய்க்கிறதா கடலில் பிடிபடுகிறதா என்று எங்களில் யாருக்கும் தெரியாது. இருந்தாலும் தவறிப்போய் அதை வாங்கிவிடுவேனோ என்று அம்மா பயந்தார்.

ஆஸ்பத்திரியால் வந்து கொஞ்ச நாளில், நான் அப்பாவின் பக்கத்தில் பாயில் படுத்திருந்தபோது பை எங்கோ கசிந்துவிட்டது. “அப்பா, மணக்குது” என்று சொல்லி மூக்கைப் பொத்தினேன். சொன்னதை அடுத்த நிமிடமே மறந்தும் போனேன்.

அதற்குப் பிறகு அப்பாவின் கதிரை பின்கதவடிக்குப் போய்விட்டது. நான் கிட்டப் போனால் அவருக்கு ஏதோ ஒரு வேலை வந்துவிடும், எழுந்துபோவார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்குள் வராமல் வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். பூசையில் எழுந்தேற்ற மணி அடித்து எல்லோரும் தலை குனிந்து நிற்கும் அமைதியில் அந்த வாய் சத்தம் போட்டுவிடுமென்று அம்மா யாருக்கோ காரணம் சொன்னார். எனக்கு அதெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆஸ்பத்திரியில் கட்டியோடு சேர்த்து என்மேல் இருந்த ஆசையையும் வெட்டி எடுத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

முன்பெல்லாம் அப்படியில்லை. கடலால் வந்து, குளித்தும் போகாத உப்பு மணத்தோடு என்னை மடியில் வைத்துக்கொண்டு, அவித்த பனங்கிழங்கை நீளவாக்கில் தும்பு உரித்து முறிப்பார். மாப்பிடிப்பான பாதி எனக்கு. தும்பு நிறைந்த நுனி அவருக்கு. அந்த மடி எனக்கு வேண்டியிருந்தது. எவ்வளவு வேண்டியிருந்தது என்பதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

தை மாதம் பிறந்து கிழங்குக் காலம் வந்தது. கூடப் படித்தவளின் அம்மா மூன்று அவித்த கிழங்குகளைக் கடதாசியில் சுற்றித் தந்தார். அம்மா கோயிலில் நவநாள் செபத்துக்குப் போயிருந்த பின்னேரம், கிழங்கு ஒரு கையிலும் பட்டியல் மறுகையிலுமாகப் பின்கதவடிக்குப் போனேன்.

“அப்பா, உதிலை பனங்கிழங்கு எண்டு ஒரு இடத்திலையும் இல்லை” என்று பட்டியலை அவரிடம் நீட்டினேன்.

“வடிவாப் பாத்தனியோ?”

“ஓம், ரெண்டுதரம் பாத்தனான்.”

அவர் பட்டியலைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். நான் நிலத்தில் உட்கார்ந்து, அவர் முழங்காலில் சாய்ந்தபடி தும்பு உரிக்கத் தொடங்கினேன். அன்று அவருக்கு ஒரு வேலையும் வரவில்லை. நான் முறித்துக் கொடுக்கக் கொடுக்க, வெகுநேரம் சப்பிச் சப்பி விழுங்கினார். நல்ல பாதி எது என்று தேடி அதை அவருக்கே கொடுத்தேன்.

மறுநாள் விடிய நிறம் சரியாகத்தான் இருந்தது. பை வெறுமையாகக் கிடந்தது. மத்தியானம் அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். அம்மா ஓட்டோவில் ஏற்றினார், நானும் தொற்றிக்கொண்டேன். குடலில் தும்பு அடைத்துவிட்டது, தானாக விடாவிட்டால் திரும்பவும் வெட்டவேண்டும் என்றார் டொக்டர். அப்பாவின் மூக்கில் குழாய் போட்டார்கள்.

“என்ன சாப்பிட்டனீங்கள்? உண்மையைச் சொல்லுங்கோ” என்று அம்மா அழுதார்.

“கிழங்கு. நான்தான் சந்தியிலை வாங்கிக் களவாய்த் திண்டனான்” என்றார் அப்பா.

நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்றேன். வயிற்று வருத்தத்தில் அப்பாவுக்கு ஞாபகம் பிசகிவிட்டது என்று நினைத்து அந்தோனியாருக்கு நன்றி சொன்னேன். பிறகு, அப்பா செத்துப்போகக்கூடாது என்று அதே அந்தோனியாரிடம் கெஞ்சினேன்.

மூன்றாம் நாள் பின்னேரம், வாட்டு நிறையச் சனம் இருக்கும்போது, அடைப்பு விட்டு, அந்த வாய் பெரிதாகச் சத்தம் போட்டது. அப்பா வெட்கப்பட்டுப் போர்வையை இழுத்தார். அம்மாவோ “மாதாவே!” என்று கத்திக் கையெடுத்துக் கும்பிட்டார். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார், அம்மாவும் அழுதபடி சிரித்தார்.

அதன்பிறகு வருடக்கணக்காக, வீட்டுக்கு யார் வந்தாலும் “வாயைக் கட்டத் தெரியாத மனுசன்” என்று அம்மா அந்தக் கதையை எடுப்பார். அப்பா ஒரு சொல் மறுத்ததில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. பட்டியலின் அடியில், அம்மாவின் எழுத்தில், பனங்கிழங்கு சேர்ந்துகொண்டது.

எங்கள் ஊர்ப்பக்கத் திருநெல்வேலியில் கம்பஸ் படித்த காலத்தில், ஒரு விடுமுறையில்தான் அப்பாவிடம் வாய் திறந்தேன். கிழங்கு தந்தது நான் என்பது நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

“மறக்கிறதே? தும்புச் சாமான் ஒண்டும் வாயிலை வைக்கக்கூடாது எண்டு ஆஸ்பத்திரி மிசி முதல் நாளே சொன்னவ.”

“அப்ப ஏன் சாப்பிட்டனீங்கள்?”

“நீ கிட்ட வந்து இருந்தாய், பிள்ளை” என்றார் அப்பா.

அப்பா போய் நாலு வருடமாகிறது. நெல்லியடிச் சந்தையில் கிழங்குக் கட்டுகளைக் காணும்போதெல்லாம் அந்த முழங்கால் எனக்கு வேண்டும்போல் இருக்கும். அப்பா ஏன் என்னைக் கூப்பிடுகிறாரில்லை என்று நான் ஏங்கிக்கொண்டிருந்த நாட்களில், மூக்கைப் பொத்தாமல் நான் ஒருநாள் வருவேனா என்று அவரும் பின்கதவடியில் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது ஒன்பது வயதில் எனக்குத் தெரியாது.