வித்துரா வெயிலில் வண்டிக்குத் தோல் உரித்தோம்

எங்கள் வீட்டு வண்டியைப் பற்றி இவ்வளவு எழுதுகிறீர்களே, அதன் படத்தை மட்டும் ஏன் போடுவதில்லை என்று பின்னூட்டத்தில் பலர் கேட்டிருக்கிறீர்கள். வெட்கம்தான் காரணம். இந்தத் தடவை படம் போட்டிருக்கிறேன், ஒன்றல்ல, பதினொன்று. கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்ளப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வருபவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். நான் விசாலம், திருவனந்தபுரத்தில் பள்ளிக்கூடக் கணக்கு டீச்சர். என் கணவர் ராமநாதன் மின்சார அலுவலகத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். வலியசாலையில் வீடு. 1997இல் ஒரு மினி பஸ்ஸின் சேசிஸ் வாங்கிக் கரூரில் கொடுத்து, இரண்டு படுக்கை, கேஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, மூலையில் ஒரு குட்டிக் கழிப்பறை எல்லாம் வைத்துப் பாடி கட்டினோம். ஓட்டுவது நான். இவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதிப்பார்.

வண்டியின் மேல்பாதி சந்தன நிறம், கீழ்ப்பாதியும் முகப்பும் மயில்கழுத்து நிறம். கரூரில் காட்டிய நீலம் எதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த தடவை போனபோது என் பட்டுப் புடவையையே எடுத்துப்போய் விரித்து, இந்த நிறம்தான் வேண்டும் என்று நின்றேன். பெயிண்டர் அலுத்துக்கொண்டே கலந்து கலந்து பார்த்து, கடைசியில் கொண்டுவந்துவிட்டார். மலைப்பாதையில் கல் தெறித்துக் கீறல் விழாமல் இருக்க, அந்த நீலத்தின் மேல் மட்டும் கண்ணாடி போலிருந்த வினைல் ஃபிலிமை ஒட்டித் தந்தார்கள். "மூணு வருசம் போனா உரிச்சுப் போட்டுருங்க, வெயில்ல ரொம்ப நாள் கெடந்தா அப்புறம் வராதுங்க" என்று அங்கேயே சொல்லியும் அனுப்பினார்கள்.

உரிப்பதா? எங்கள் வீட்டிலா? ஃபிரிட்ஜ் கதவில் கம்பெனி ஒட்டிய பிளாஸ்டிக் தாள் இன்றும் அப்படியே இருக்கிறது. டிவி ரிமோட்டுக்கு ஓர் உறை, அந்த உறை அழுக்காகாமல் இருக்க மேலே இன்னோர் உறை. உரித்தால் அன்றோடு அது பழைய சாமான் என்பது இவருடைய கட்சி. மூன்று வருடம் ஆனதும் நான் நினைவுபடுத்தினேன். "இருக்கட்டும் விசாலம், உள்ளே புதுசா இருக்குமாக்கும்" என்றார். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

ஃபிலிம் முதலில் மஞ்சளானது. பிறகு பாலாடை போல வெளுத்துச் சுருங்கியது. அதற்கும் பிறகு வெடித்து, வெடித்த இடமெல்லாம் கறுத்தது. போன வருடம் கன்னியாகுமரியில் நிறுத்தியிருந்தபோது ஒரு டூரிஸ்ட் பஸ் டிரைவர் வந்து, "என்னம்மா, வண்டி தீப்பிடிச்சுட்டா?" என்று இரக்கத்தோடு கேட்டார். நான் சமாளித்துவிட்டேன். இவரால் முடியவில்லை. திரும்பி வரும் வழியில் நாகர்கோவில் தாண்டியதும், "மதி விசாலம், போதும். இதை வச்சுண்டு இனி ஊர் சுத்தவேண்டாம். பாக்கறவா எல்லாம் பரிதாபப்படறா. தங்கப்பன் கேட்டுண்டே இருக்கான், குடுத்துடலாம்" என்றார்.

தங்கப்பன் இவருடைய பழைய சிநேகிதர். வித்துராவில் ரப்பரும் மிளகும் வைத்திருக்கிறார். பொன்முடி போகிற சாலையோரத்தில், தன் தோட்டத்து வாசலில் எங்கள் வண்டியின் டயரைக் கழற்றிவிட்டுச் செங்கல் மேல் உட்காரவைத்து டீக்கடை போட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. வண்டி கட்டும்போதே கடற்கரையை ஒட்டி வடக்கே பூரிக் கோயில் வரை போவதென்று பேசி வைத்திருந்தோம். பள்ளிக்கூட லீவு, இவருடைய முழங்கால், மழை என்று தள்ளிப்போய்க்கொண்டே இருந்த பயணம். என் மயில்கழுத்து வண்டி செங்கல் மேல் நின்று டீ விற்பதா?

கோபத்தில் வாய்விட்டேன். "ஃபிலிமை உரிச்சுப் பாத்துடலாம். உள்ளே பெயிண்ட் நன்னா நின்னா வண்டி நம்மகிட்டே இருக்கட்டும். ஒரு ரூபா நாணயம் அளவு பெயிண்ட் கூட வந்தாலும் தங்கப்பனுக்குக் குடுத்துடுங்கோ. நான் வாயைத் திறக்கமாட்டேன்." இவர் உடனே ஃபோனை எடுத்து இதைத் தங்கப்பனிடம் அப்படியே சொல்லிவிட்டார். என் வாயே எனக்கு வினை.

முதல் முயற்சி எங்கள் தெருவிலேயே நடந்தது. இரண்டு பக்கமும் வீடுகள் நெருக்கி நிற்பதால் வண்டிமேல் வெயில் விழுவதே உச்சிப்பொழுதில் கொஞ்ச நேரம்தான். குளிர்ந்து கிடந்த ஃபிலிம் நகத்தளவு துணுக்காகத்தான் வந்தது. இவர் தோசைத் திருப்பியைக் கொண்டுவந்தார், நான் பிடுங்கி உள்ளே வைத்தேன். எதிர் வீட்டு மாமா வந்து பார்த்துவிட்டு, "என்ன விசாலம், வண்டிக்கு அம்மை போட்டிருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஒரு நாள் முழுக்க உழைத்தும் வெற்றிலை அளவுக்குத்தான் இடம் கிடைத்தது, அதிலும் கறுத்த பசை மூடிப் பெயிண்ட் தெரியவில்லை. ஆனால் வெயில் பட்ட அந்தக் கொஞ்ச நேரத்தில் ஃபிலிம் இளகி நீளமாக வந்ததைக் கவனித்தேன். நாள் முழுக்க வெயில் அடிக்கிற வெட்டவெளி கிடைத்தால் போதும். தங்கப்பனின் மிளகுக் களம்தான் நினைவுக்கு வந்தது. கேட்டதும் சந்தோஷமாகச் சம்மதித்தார். வண்டி தானாக அவர் வாசலுக்கே வருகிறதே!

2006 பிப்ரவரி, ஒரு சனிக்கிழமை. காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். பேரூர்க்கடை, நெடுமங்காடு வழியாக வித்துரா முப்பத்தேழு கிலோமீட்டர். நெடுமங்காட்டில் சாயாவும் பழம்பொரியும் சாப்பிட்டு, ஏழேமுக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். சாலை நல்ல சாலை, வளைவுகள் அதிகம், தனியார் பஸ்கள் நம்மை மதிப்பதில்லை. கார் வைத்திருப்பவர்கள் ஒன்றேகால் மணி நேரத்தில் போய்விடலாம்.

தங்கப்பன் சிமென்ட் களத்தில் பாதி மிளகை ஒதுக்கி இடம் விட்டிருந்தார். இவர் போனதும் போகாததுமாகக் களத்தின் ஓரத்துப் பலாமர நிழலைக் காட்டி, "அங்கே போடு, நன்னா குளிர்ச்சியா இருக்கும்" என்றார். நிழல் வேண்டாமென்றுதானே இவ்வளவு தூரம் வந்தோம்! வண்டியின் மூக்கு வடக்கே பார்க்கும்படி நட்ட நடுவில் நிறுத்தினேன். காலை வெயில் வலது பக்கம், மாலை வெயில் இடது பக்கம். ஸ்டியரிங்கை மறுபடி தொட வேண்டிய வேலையே இல்லை.

தங்கப்பன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "வெயிலு நல்லா உண்டு டீச்சரே. ஆனா பெயிண்ட் போயா பின்னே கரையக் கூடாது, கேட்டோ" என்றார். அவர் பேச்சில் கரைவது என்றால் அழுவது.

"கரையறது யாருன்னு சாயங்காலம் பாக்கலாம்" என்றேன்.

ஒன்பது மணிக்கு வலது பக்கத் தகடு பதமாகச் சூடேறியது. கையை வைத்தால் சூடு தெரிய வேண்டும், ஆனால் கையை எடுக்கத் தோன்றக் கூடாது. அதுதான் பதம். முன் சக்கரத்துக்கு மேலே ஒரு மூலையை ஐஸ்கிரீம் டப்பா மூடியால் நெம்பி எடுத்தேன். நம்மை நோக்கி இழுக்கக் கூடாது. ஃபிலிமை அதன்மேலேயே மடக்கி, தகட்டை ஒட்டியவாறே, அவசரப்படாமல் இழுக்க வேண்டும். முழம் நீளத்துக்கு வந்தது. ஃபிலிமின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். வெறும் பசைதான். பெயிண்ட் இல்லை.

தகட்டில் மயில்கழுத்து நிறம், ஒன்பது வருடத்துக்கு முன் கரூரில் பார்த்த அதே நிறம், வெயிலில் பளீரென்று நின்றது. "ஏன்னா, இங்கே வந்து பாருங்கோ!" என்று நான் போட்ட கூச்சலில் மிளகு கிளறிக்கொண்டிருந்த பெண்கள்கூட ஓடி வந்தார்கள். இவர் குனிந்து பார்த்து, கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்து, "பாத்தியா, நான் உரிக்காம விட்டதாலேயாக்கும் இப்படி இருக்கு" என்றார். இந்த மனிதரை என்ன செய்வது?

பன்னிரண்டு மணிக்குள் வலது பக்கமும் பின்பக்கமும், நிழலில் இருந்ததால் வெந்நீர்த் துண்டு போர்த்தி இளக்கிய முகப்பும் முடிந்துவிட்டன. ஃபிலிம் போன இடத்தில் ஒட்டியிருந்த பசைக்குத் தேங்காய் எண்ணெய்தான் மருந்து. தாராளமாகத் தடவி அரை மணி ஊறவிட்டு, பழைய வேஷ்டித் துணியால் துடைத்து, சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும். இவர் தகட்டின் ஒரு மூலையில் மண்ணெண்ணெய் போட்டுப் பார்த்தார், பளபளப்பு மங்கிவிட்டது. தங்கப்பன் வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் மீன் இல்லாத குழம்பும் எங்களுக்காகவே செய்திருந்தார்கள். எங்கள் வண்டியைப் பறிக்கக் காத்திருக்கிறவர் கையால் இவ்வளவு ருசியான சாப்பாடு சாப்பிடுவது சங்கடமாகத்தான் இருந்தது.

மூன்று மணிக்கு மேல் இடது பக்கம் சூடேறியது. முன்பாதியை நான் எடுத்துக்கொண்டேன், பின்பாதியை இவர். முழங்கால் வலியெல்லாம் எங்கே போயிற்றோ, குத்துக்காலிட்டு உட்காருவதும் எழுவதுமாக இருந்தார். திடீரென்று அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "என்னாச்சு?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை, நீ உன் வேலையைப் பாரு" என்று பதில் வந்தது.

ஐந்து மணிக்குத் தங்கப்பன் எழுந்து பரிசோதனையை ஆரம்பித்தார். நாங்கள் உரித்துப் போட்ட ஃபிலிம் குவியலைக் காலால் கிளறினார். பிறகு முகப்பிலிருந்து வலது பக்கம், பின்பக்கம் என்று தகட்டைக் கையால் தடவிக்கொண்டே நடந்தார். நானும் கூடவே நடந்தேன். எங்கும் ஒரு பொட்டு பெயிண்ட் போகவில்லை. இடது பக்கத்துப் பின்மூலைக்கு வந்தால், இவர் அங்கே வண்டியில் முதுகைச் சாய்த்து, டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"சாமி, ஒண்ணு மாறி நில்லு" என்றார் தங்கப்பன்.

"முட்டு பிடிச்சுண்டுடுத்து தங்கப்பா, நகர முடியலை" என்றார் இவர்.

அரை மணிக்கு முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழுந்த மனிதர்! நான் வாயைத் திறக்கப் போனேன். இவர் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். தங்கப்பன் இவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கிளாஸையும் பார்த்தார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, "சாமிக்கு ஒரு சாயா கூடி எடுத்தோ" என்று குரல் கொடுத்தார். என்னிடம், "வண்டி கொண்டு போய்க்கோ டீச்சரே. செங்கல்லு நூறு எறக்கி வச்சேன், அது வேஸ்டாப் போச்சு" என்றார். அவருக்குத் தெரிந்ததா, தெரியாதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கிளம்பும்போது இவர் ஈரத் துண்டை அந்தப் பின்மூலை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார். காய வேண்டுமாம். நெடுமங்காடு கடைத்தெருவில் ஜனங்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பரிதாபமாக இல்லை, ஆசையாக. நான் தேவையில்லாமல் இரண்டு தடவை ஹாரன் அடித்தேன். வலியசாலையில் எதிர் வீட்டு மாமா வாசலுக்கு வந்து, "புது வண்டியா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்கே கையில் வந்த கொப்புளமெல்லாம் தகும்.

மறுநாள் காலை கோலம் போட வந்தபோது துண்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. தூக்கிப் பார்த்தேன். உள்ளங்கை அளவுக்குப் பெயிண்ட் போய்ச் சாம்பல் நிற அடிப்பூச்சு தெரிந்தது. துண்டைப் பழையபடி விட்டேன். முப்பது வருடம் அலுவலகத்தில் காலணாக் கணக்குத் தவறாத மனிதர், வாக்கு கொடுத்தால் மாறாதவர், வண்டியை விற்றுவிடலாம் என்று என்னிடம் சண்டை போட்டவர், தன் சிநேகிதன் முகத்தைப் பார்த்து ஒரு பொய் சொல்லியிருக்கிறார். எனக்காகவா, வண்டிக்காகவா என்று நான் கேட்கவில்லை. வண்டியைப் பற்றிய பெருமையெல்லாம் இந்த மனிதரைப் பற்றிய பெருமைக்கு அப்புறம்தான்.

உள்ளே போய்க் காப்பியைக் கொடுத்து, "பூரிக்கு எப்போ கிளம்பலாம்?" என்று மட்டும் கேட்டேன். "பரீட்சை முடிஞ்சதும்" என்றார், பேப்பரிலிருந்து தலை தூக்காமல்.

இதே வேலையைச் செய்ய நினைப்பவர்களுக்கு: மழைக்காலத்தில் முயல வேண்டாம், ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். இரும்புச் சாமான் எதையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். ஃபிலிம் கிழிந்தால் அதே இடத்தில் மல்லுக்கட்டாமல் இன்னொரு மூலையிலிருந்து ஆரம்பியுங்கள். நிழல் விழும் இடத்துக்கு வெந்நீரில் பிழிந்த துண்டைப் போர்த்தினால் இளகும். எங்களுக்கு இரண்டு லிட்டர் தேங்காய் எண்ணெயும் டீசலும் சேர்ந்து நானூற்றைம்பது ரூபாய்க்குள் முடிந்தது. மறுநாளும் கையில் இருந்தால் பொன்முடிக்குப் போய்வாருங்கள், இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள், மேலே நல்ல குளிர். எல்லாவற்றையும்விட முக்கியம், மூன்று வருடத்தில் உரி என்றால் மூன்று வருடத்தில் உரித்துவிடுங்கள்.

படங்களில் பாருங்கள், இடது பக்கப் பின்மூலையில் ஒரு பெரிய தாமரை ஸ்டிக்கர் இருக்கும். அடுத்த வாரமே இவர் சாலைக் கடைத்தெருவில் வாங்கி வந்தது, "சும்மா அழகுக்கு." தங்கப்பனுக்குத் தமிழ் வாசிக்க வராது, இவர் என் வலைப்பூவைத் திறப்பதில்லை, அதனால் தைரியமாக எழுதுகிறேன். ஸ்டிக்கர் அழுக்காகாமல் இருக்க அதன்மேல் ஒரு துண்டு கண்ணாடி ஃபிலிமும் ஒட்டி வைத்திருக்கிறார். அதை மட்டும் நான் உரிக்கப் போவதில்லை.