சிங்கம் எழுதிய கால்

அண்ணன் வீட்டு நாய் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. நான் போனாலே காலைச் சுற்றிச் சுற்றி வருகிற நாய், அன்றைக்கு முற்றத்துக்கு அந்தப் பக்கம் செம்பனை நிழலில் உட்கார்ந்து வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. உச்சி வெயில். ஒரு காக்கைச் சத்தம்கூட இல்லை. ரப்பர் இருந்த காலத்தில் தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயம் அது. இப்போது ஆள் இருப்பது அண்ணன் வீட்டில் மட்டும்தான். மற்ற வீடுகளின் கதவுகளுக்குப் பலகை அடித்துவிட்டார்கள்.

அண்ணன் தோட்டத்தில் எண்ணெய்க்காகச் செம்பனைக் குலை வெட்டுகிறவர். கெண்டைக்காலில் முள் ஏறி, கால் சிவந்து வீங்கிக் காய்ச்சலும் வந்ததால் கிளினிக்குக்குப் போயிருந்தார். தோலுக்கு அடியில் கிருமி பரவுகிறது என்று டாக்டர் ஆன்டிபயாட்டிக் மாத்திரை கொடுத்து, சிவப்பின் ஓரத்தைச் சுற்றி நீலப் பேனாவால் ஒரு கோடும் போட்டு அனுப்பினார். சிவப்பு கோட்டைத் தாண்டினால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். "கால்ல வேலி போட்டு வுட்டுட்டாங்க லா" என்று அண்ணன் போனில் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் போனை எடுக்கவே இல்லை. அதனால்தான் ஈப்போவில் தையல் கடையை மூடிவிட்டு, சிம்பாங் பூலாய் வழியாகக் காரை விரட்டிக்கொண்டு வந்தேன்.

வாசலிலேயே அண்ணி என்னை அடக்கினார். "சத்தம் போடாதமா. இப்பதான் வலி நின்னு படுத்திருக்காரு."

அண்ணன் பாயில் காலை நீட்டியிருந்தார். முழங்காலிலிருந்து பாதம் வரை ஒரே காவி. நடுவில் ஒரு சிங்கம்.

"என்ன அண்ணி இது?"

"அக்கி லா. கொப்புளம் வந்துச்சு. கோவில் பூசாரியக் கூப்பிட்டு எழுதிட்டேன்."

அக்கி வந்த இடத்தில் காவியைக் குழைத்துச் சிங்கம் எழுதுவது எங்கள் வீடுகளில் புதிதில்லை. சின்ன வயதில் என் முதுகிலும் எழுதியிருக்கிறார்கள். எனக்குக் கோபம் அதில் வரவில்லை. மாத்திரை எங்கே என்று கேட்டேன்.

"அது சூடு மா. அக்கி எழுதினா சூட்டு மருந்து ஆகாது. நிறுத்திட்டேன்."

வாய்க்கு வந்தபடி திட்டினேன். அண்ணி பதிலுக்குத் திட்டவில்லை. "வலி போயிருச்சே. நேத்து வரைக்கும் துணி பட்டாலே கத்துனாரு. நீயே கேளு" என்றார்.

அண்ணன் கண்ணைத் திறந்தார். "ஆமா தங்கச்சி, இப்ப ஒண்ணுமே தெரியல. யாரோட காலோ மாதிரி இருக்கு."

பொய் சொல்வானேன், எனக்கும் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு சிங்கத்தைச் சரியாகப் பார்த்தேன். அடியில் தோல் வீங்க வீங்க அதன் முகம் இழுபட்டு, வாய் அகன்றுபோயிருந்தது. எந்தப் பூசாரியும் அவ்வளவு பெரிய வாயை எழுதியிருக்க மாட்டார். நீலக் கோட்டைத் தேடினேன். காணோம். எது காவி, எது சிவப்பு என்றும் புரியவில்லை.

ஒரு பேசினில் தண்ணீர் எடுத்து வந்தேன். "கழுவாதமா, அக்கி உள்ளுக்கு இறங்கிரும்!" என்று அண்ணி கையைப் பிடித்தார். உதறிவிட்டுத் துணியை நனைத்துத் துடைத்தேன். அழுத்திய இடத்தில், தோலுக்கு அடியில், பிளாஸ்டிக் பையைக் கசக்குவது போல நொறுநொறுவென்று மெல்லிய சத்தம். அண்ணன் காலை இழுக்கவே இல்லை. கடைக்கு யாரை வைத்துவிட்டு வந்தாய் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். காவி கரைந்து பேசின் தண்ணீர் சிவந்தது. கால் வெளுக்கவில்லை. நீலக் கோடு கெண்டைக்காலில் கிடந்தது. அதற்குள் தோல் கறுத்திருந்தது. கைலியை விலக்கினேன். காவியே படாத தொடையில் சிவப்பு ஏறியிருந்தது.

அண்ணி அதைப் பார்த்தார். ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்து அண்ணனைக் காரில் ஏற்றினோம்.

வலிக்கிறதா என்றுதான் ஆஸ்பத்திரி டாக்டரும் முதலில் கேட்டார். இல்லை என்று அண்ணன் சொன்னதும் அவர் முகம் மாறியது. வலி நின்றது நல்லதற்கில்லை, உள்ளே சதையும் நரம்பும் செத்துக்கொண்டிருக்கின்றன என்றார். ஊசி வழியாக ஆன்டிபயாட்டிக் ஏற்றினால் மட்டும் போதாது, செத்த சதையை உடனே வெட்டி எடுக்க வேண்டும். காலுக்கும் உத்தரவாதம் இல்லை, உயிருக்கும் இல்லை.

அறுவை அறைக் கதவு மூடியதும் அண்ணி கேட்டார். "நான்தான் கொன்னுட்டேனா, மா?"

அத்தனை கோபமும் எங்கேயோ போய், வெறும் பயம்தான் மிச்சமிருந்தது.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் எங்களை உள்ளே விட்டார்கள். அண்ணன் அசையாமல் கிடந்தார். போர்வையின் நுனியில் இரண்டு பாதங்களும் மேடாகத் தெரிந்தன. தொட்டுப் பார்க்க எங்கள் இருவருக்கும் தைரியம் இல்லை. நர்ஸ் வந்து போர்வையை ஒதுக்கி, கால் கட்டின் ஓரத்தை லேசாகத் தூக்கினார். வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி அண்ணன் கத்தினார்.

அண்ணி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதார். "வலிக்குதாம், மா" என்றார். "அவருக்கு வலிக்குதாம்."