ஆல்பர்ட் மாஸ்டரின் வலது கை

வெள்ளிமலைக்கு வழி கேட்டு யாராவது வண்டியை நிறுத்தினால், ஆல்பர்ட் மாஸ்டர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "அப்படியே ரைட்ல போங்க" என்பார். கை மட்டும் இடது பக்கம் நீளும். கையை நம்பியவர்கள் கரும்புக் காட்டைச் சுற்றிவிட்டுத் திரும்பி வருவார்கள். கச்சிராயபாளையத்துக்காரர்கள் அவர் வாயை மட்டும்தான் நம்புவார்கள்.

தொழில் தந்த கோணல் இது. எதிரே நிற்பவர்கள் வலது கையைத் தூக்க, ஆட்டம் சொல்லித்தருகிறவர் தன் இடது கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். காட்டிக் காட்டி உடம்பே கண்ணாடியாகிவிட்டது. யாராவது கையை மாற்றித் தூக்கினால், "சோறு எந்தக் கையில துன்ற?" என்று மைதானமே கேட்கத் திட்டுவார்.

எட்டாவதோடு படிப்பை விட்டு, கரும்பு வெட்டப் போனவர். வெட்டுகிற குனிவையும் கட்டைத் தலைக்கு ஏற்றுகிற நிமிர்வையும் வைத்து நவீன நடனம் ஒன்று அமைத்தார். கரும்பின் காய்ந்த இலையைச் சொல்லும் 'சோகை' என்று பெயர். டெல்லி பார்த்தது, கடலும் தாண்டியது. "எவன் கையையும் புடிச்சி மேல வரல" என்று மார்தட்டுவார். சொந்தமாக ஏறி வந்தவன் தட்டாமல் வேறு யார் தட்டுவது?

ஆனால் மேடையில் அவர் ஏறியதில்லை. கீழே நின்று, ஆடுகிறவர்களைப் பார்த்தபடி கூடவே ஆடுவார். முன்வரிசையில் இருந்த மனைவி லூசி பார்த்ததெல்லாம் அவர் முதுகைத்தான். "ஒருவாட்டியாவது எங்க பக்கம் திரும்பி ஆடுங்களேன்" என்பாள். அடுத்த நிகழ்ச்சியில் ஆடுவதாகச் சொல்வார். அடுத்ததிலும் கீழேயே நிற்பார். ஒத்திகைக்கு வீட்டு ஆள் வரக் கூடாது என்பது வேறு அவர் போட்ட சட்டம்.

தலை நரைத்த பிறகு, கள்ளக்குறிச்சியில் ஒரு விழா. முக்கிய ஆட்டக்காரன் ஆகாஷ் காய்ச்சலில் படுத்துவிட்டான். மாஸ்டரே ஏறினார். லூசி கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். முதல் வீச்சிலேயே கை பக்கம் மாறி, அருகில் ஆடிய தனுஷாவின் தோளில் இடித்தது. அடுத்த வீச்சும் அப்படியே. கூட்டம் சிரித்தது. சட்டென்று ஜனங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். உடம்புக்குப் பழகிய பக்கம் அது. பிசகில்லாமல் ஆடி முடித்தார். நவீனம் என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று பலமாகக் கைதட்டினார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் லூசி ஒன்றுதான் சொன்னாள். "முதுகு நல்லாத்தான் ஆடிச்சி."

அதற்குப் பிறகு அவர் மேடை ஏறவில்லை. முட்டியும் தேய்ந்துவிட்டது. "அவ கேட்டப்பவே திரும்பியிருக்கணும். அப்ப ஒடம்பு சொன்னதக் கேட்டுக்கினு இருந்திச்சி" என்று டீக்கடையில் எப்போதாவது சொல்வார். அப்போது குரலில் வீம்பு இருக்காது.

போன வாரம் ஒத்திகை நடக்கும்போது லூசி மைதானத்துக்குள் வந்தாள். யாரையும் கேட்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு அவர் முதுகைத் தாண்டிப் போய், ஆடுகிறவர்களின் நடுவில் போட்டு, அவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

மாஸ்டரின் இடது கை மேலே இருந்தது. அவளைப் பார்த்ததும் அதை மெல்லக் கீழே இறக்கி, வலது கையைத் தூக்கினார். எதிரே நின்ற வரிசை மொத்தமும் தப்பான கையைத் தூக்கியது.

அவர் திட்டவில்லை.