மஹினின் கம்பளம்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் போன வாரம் ஒரு விளம்பரம் வந்தது. பழங்காலப் பாரசீகக் கம்பளம், வீடு மாறுவதால் விற்பனைக்கு. மூன்றாவது பிளாக், ஏழாவது மாடி. அன்றைக்கென்று லிஃப்ட் ஓடவில்லை. என் முழங்கால்கள் சொன்ன பேச்சு கேட்பதை நிறுத்தி நாலு வருஷமாகிறது. வாங்கும் எண்ணமும் கிடையாது. ஆனாலும் மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்கி ஏறினேன். போய்க் கம்பளத்தின் ஒரு மூலையைத் திருப்பிப் பார்த்தால், அடியில் ரப்பர் பூச்சு. மெஷினில் நெய்தது. "ஒரிஜினல்தான் ஆன்ட்டி" என்றார் அந்த வீட்டுக்காரர். "நல்லாருக்குப்பா" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். ஏறுவதைவிட இறங்குவதுதான் இப்போதெல்லாம் பெரும்பாடு.

மூலையைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் மஹினிடமிருந்து வந்தது. அவளைச் சொல்வதற்கு முன் காதர் பாயைச் சொல்ல வேண்டும்.

எண்பதுகளில், ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்த புதிதில், பாகலூர் ரோட்டில் காதர் பாய் வீட்டு மாடி அறையில் குடியிருந்தேன். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் உதிரிபாகங்களை அளந்து பார்த்து முத்திரை குத்தும் வேலை. தனியாக வந்த பெண்ணுக்கு வீடு கொடுக்க எல்லோரும் யோசித்த காலம். பாயின் மனைவி நூர்ஜகான் அக்கா மட்டும் என் டிரங்குப் பெட்டியைப் பார்த்துவிட்டு, "மேல வச்சுக்க கண்ணு, ராத்திரிக்கு இங்கயே சாப்ட்ரு" என்றார். அவ்வளவுதான் எங்கள் வாடகை ஒப்பந்தம்.

பாய்க்குப் பழைய சாமான் வியாபாரம். பெங்களூர் கன்டோன்மென்ட்டில் இடிபடும் பங்களாக்களிலிருந்து கட்டில், பீரோ, நாற்காலி என்று வாங்கி வந்து, ஓசூருக்குப் புதிதாக வரும் கம்பெனி ஆட்களுக்கு விற்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பீரோவோடு ஒரு பெண்ணையும் அழைத்து வந்தார். டெம்போவின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒன்றுமில்லை, பின்னால், படுக்கை விரிப்பில் சுற்றிய ஒரு பெரிய உருளையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அதுதான் மஹின். பெங்களூரில் படித்துக்கொண்டிருந்த ஈரான் மாணவி. அவள் நாட்டில் சண்டை நடந்துகொண்டிருந்தது. வீட்டிலிருந்து பணமோ கடிதமோ எதுவும் வருவதில்லை. படிப்பு முடிந்துவிட்டது, இங்கே தங்க அனுமதி இன்னும் இரண்டே மாதம். ஜெர்மனியில் இருக்கும் அண்ணனிடம் போக டிக்கெட் எடுக்க வேண்டும். அவளிடம் விற்பதற்கு இருந்தது இந்தக் கம்பளம் ஒன்றுதான். நாலு தலைமுறையாக அவர்கள் வீட்டுக் கூடத்தில் கிடந்ததாம். பெங்களூரில் கேட்டவர்கள் பழந்துணி விலைக்குக் கேட்டிருக்கிறார்கள். பாய்தான், ஓசூரில் ஒரு பெரிய அதிகாரி நல்ல கம்பளம் தேடுகிறார் என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பெரிய அதிகாரி என் கம்பெனிக்காரர்.

கூடத்தில் விரித்தபோது எனக்கு முதலில் வந்தது வாசனைதான். மழையில் நனைந்த செம்மறியாட்டு வாசனை. ஊத்தங்கரைக்காரிக்கு அது புதிதா? பவானி ஜமக்காளத்தைத் தாண்டி எதையும் பார்த்திராத நான், இதற்கா இவ்வளவு பாடு என்று நினைத்தேன். மஹின் என்னைக் கையைப் பிடித்து எதிர்ப்பக்கம் கூட்டிப்போனாள். அங்கிருந்து பார்த்தால் அதே கம்பளம் வேறு நிறம். இந்தப் பக்கம் மாதுளை முத்து, அந்தப் பக்கம் ஆறிய ரத்தம். பிறகு மூலையைத் திருப்பி முடிச்சுகளைக் காட்டினாள். பின்பக்கமும் முன்பக்கம் மாதிரியே பூ இருந்தது. அளந்து பிழைக்கிற நான், ஒரு அங்குலத்துக்கு எத்தனை முடிச்சு என்று எண்ணப் பார்த்துப் பாதியில் விட்டேன்.

அதிகாரி வெளியூர் போயிருந்தார். கம்பளம் மூன்று வாரம் எங்கள் கூடத்திலேயே கிடந்தது. ஞாயிறு தவறாமல் மஹின் பஸ் பிடித்து வருவாள். "பந்த்ரா அக்கா?" வந்தாரா என்று கன்னடத்தில் கேட்பாள். "இன்னூ இல்லா" என்பார் அக்கா. பெங்களூர் மார்க்கெட்டில் காய்கறி வாங்கிக் கற்ற கன்னடம் அவளுடையது. பாகலூர் சந்தையில் கற்றது அக்காவுடையது. இருவருக்கும் சொந்தமில்லாத பாஷையில் இருவரும் மணிக்கணக்கில் பேசுவார்கள். பால் இல்லாத டீயை, சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு குடிப்பது அவள் வழக்கம். அக்கா கல்கண்டு வாங்கி வைத்தார். அவள் வந்தது விற்பனையைப் பற்றிக் கேட்க அல்ல, கம்பளத்தின்மேல் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகத்தான் என்று எனக்குப் புரியவே இரண்டு ஞாயிறு ஆனது.

அதிகாரி வந்து பார்த்தார். பிடித்துவிட்டது. தன் குவார்ட்டர்ஸ் கூடத்துக்குச் சரிவருமா என்று அளக்க என்னையே அனுப்பினார். நான் ஸ்டீல் டேப்போடு போய் அளந்து வந்து, ரிப்போர்ட் மாதிரி நின்றுகொண்டு சொன்னேன்: கம்பளம் பதினைந்து அங்குலம் நீளம் அதிகம். "அப்ப கட் பண்ணித் தெச்சிடுங்க" என்று பாயிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார். என் வாயை அன்றைக்கு ஒரு அடி அடித்திருக்கலாம்.

அந்த ஞாயிறு மஹினிடம் பாய் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவள் கம்பளத்தின் மூலையைத் திருப்பி, மறுபடி நேராக விட்டாள். "கட் மாடி" என்றாள். வெட்டுங்கள். டீயைக் குடிக்காமலே பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அக்கா பாயிடம் திரும்பினார். "இந்த வூட்டுல வச்சு அத வெட்டக் கூடாது."

"அவளே சொல்லிட்டாளே நூரு."

"அவ வாய்தான் சொல்லுச்சு."

மறுநாள் மத்தியானம் அக்கா புர்காவை மாட்டிக்கொண்டு என் கம்பெனி வாசலுக்கே வந்துவிட்டார். "அந்த ஆபீசரம்மா வூட்டக் காட்டு" என்றார். அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, வேலை போகப்போகிறது என்ற பயத்தோடு கூட நடந்தேன். அதிகாரியின் மனைவி வடக்கத்திப் பெண்; பகலெல்லாம் பேச ஆளில்லாத வீடு. அக்கா தனக்குத் தெரிந்த உருதுவும் தெரியாத இந்தியும் கலந்து பேசினார். மஹின் கம்பளத்தை எதற்காக விற்கிறாள், அதன்மேல் எப்படி உட்கார்ந்திருப்பாள் என்று கையால் செய்து காட்டினார். அந்தம்மா முகம் மாறியது. "இவர் அதையா வெட்டச் சொன்னார்?" என்று என்னிடம் கேட்டார்.

மூன்று பேருமாக ஷோகேஸை நகர்த்தினோம். திவானைச் சுவரோரம் தள்ளினோம். ஒரு முனை திவானுக்கு அடியில் போனால் பதினைந்து அங்குலமும் அடங்கிவிடும். ஆனால் மறுமுனை, திரையில்லாத மேற்கு ஜன்னலுக்கு நேரே வெயிலில் வந்துவிட்டது. அக்கா அந்த ஜன்னலைப் பார்த்தார். "திரை கிரை போட்டுக்குவாங்க" என்றார், தனக்குத்தானே.

கம்பளம் முழுசாகப் போய்ச் சேர்ந்தது. கடைசி ஞாயிறு மஹின் வந்து பாயிடம் தொகையை வாங்கிக்கொண்டாள். வெறும் தரையில் உட்கார்ந்தாள். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எங்கே விரித்திருக்கிறார்கள், வெயில் படுமா என்று மஹின் என்னிடம் இங்கிலீஷும் கன்னடமுமாகக் கேட்டாள்.

அக்காவின் கை நின்றது.

"படாது. கெட்டியான திரை போட்டிருக்கிறார்கள். பச்சை நிறம்" என்றேன். ஒரு திருகாணி அரை நூல் அளவு தவறினாலும் ரிஜெக்ட் எழுதுகிறவள் நான். நிறம் வரைக்கும் எப்படி வாயில் வந்ததோ.

மஹின் என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவளை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினால் அக்கா கேட்டார்: "பச்சக் கலரா?"

"ஆமாங்க்கா."

"நல்ல கலருதான்" என்று அடுத்த வெங்காயத்தை எடுத்தார். பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

ஜெர்மனியிலிருந்து ஒரே ஒரு கார்டு வந்தது. அண்ணனோடு சேர்ந்துவிட்டதாக எழுதியிருந்தாள். என் பதில் போய்ச் சேர்ந்ததா தெரியாது. இரண்டு வருஷம் கழித்து ஒரு பூஜைக்கென்று அதிகாரி வீட்டுக்குப் போனபோது ஜன்னல் பக்கத்துப் பாதி வெளுத்து, நீர்த்த டீ நிறத்தில் கிடந்தது. வீட்டுக்கு வந்து அக்காவிடம் சுண்டல் நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னேன். அதிகாரி மாற்றலாகிப் போனார். கம்பளம் எந்த ஊருக்குப் போனதோ.

எனக்குக் கல்யாணம், இரண்டு பிள்ளைகள், அவர்களுக்காக ஓட்டம். மலிவான இரும்புக் கட்டில் வந்து பழைய சாமான் விற்காமல் போனதும் பாய் கடையை மூடினார். ரோட்டை அகலப்படுத்தியபோது வீட்டின் முன்பக்கமும் மாடியும் போயின. அவர்கள் மகனோடு கிருஷ்ணகிரிக்குப் போய்விட்டார்கள். பாய் இறந்தபோது போனேன். அக்கா இறந்தது எனக்கு நாற்பது நாள் கழித்துத்தான் தெரிந்தது. போன் செய்தேன். மருமகள் எடுத்தாள். நல்ல பெண்தான், மரியாதையாகத்தான் பேசினாள்.

"நீங்க யாருன்னு தெரியலியேங்க."

"பாகலூர் ரோட்டு வீட்ல, மாடில குடியிருந்தேம்மா."

"அந்த வூட்டுக்கு மாடி இருந்துச்சுங்களா?" என்று கேட்டாள்.

"இருந்துச்சும்மா" என்றேன்.