இமைக்காத தம்பி

1. மைக் கைமாறியது

"அது ஹீரோவோட தம்பிங்க!" என்று ஜமால் பாய் என் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கி அறிவித்த நொடியில் என் பணிவாழ்வின் பெருந்தொல்லை தொடங்கியது.

எண்பதுகளின் நடுப்பகுதி. புலவர் பட்டம் பெற்று, பள்ளி வேலைக்கான ஆணையை எதிர்பார்த்திருந்தேன். செஞ்சிக் கடைத்தெருவில் பாய் தம் துணிக்கடைக்குப் பின்னால் வீடியோ கொட்டகை வைத்திருந்தார். கண்களை மட்டும் விட்டு முகத்தை மூடிக்கொண்டு வானில் பறக்கும் வீரனைப் பற்றிய ஆங்கிலப் பொம்மைப்படத் தொடர் ஒன்று அவருக்குக் கிடைத்திருந்தது. வாரம் ஒரு கேசட். ஆங்கிலம் அறியாத கூட்டத்துக்குப் படம் ஓடும்போதே மைக்கில் தமிழில் கதை சொல்வது என் வேலை. ஒவ்வொரு கேசட்டையும் முன்னதாகப் பார்த்து, ஐயமறத் தெளிந்த பிறகே மைக்கைத் தொடுவேன்.

பாய்க்கோ பேச்சுக் காட்சி என்றாலே ஆகாது. திரையில் இருவர் நின்று பேசத் தொடங்கினால் போதும், வீடியோ டெக்கின் பார்வேர்டு பொத்தானை அழுத்திப் படத்தை ஓட்டிவிடுவார்.

"பாய், அந்தப் பேச்சுலதான் கதையே இருக்குது."

"ஜனம் சண்ட பாக்க வருது புலவரே. பேசறத வூட்டுலயே கேக்குது."

அவ்வாறு அவர் ஓட்டித் தள்ளிய காட்சி ஒன்றில், விஞ்ஞானி ஒருவர் வீரனைப் போலவே ஓர் இயந்திர உருவத்தைச் செய்து அவனிடம் ஒப்படைக்கிறார். அதைக் காணாத கூட்டம், ஒரே ஆள் மலையுச்சியிலும் ஊர் நடுவிலும் ஒருசேர நிற்பதைக் கண்டு கூச்சலிட்டது. நான் வாயெடுப்பதற்குள் பாய் ஒரு தம்பியைப் பிறப்பித்துவிட்டார். முதலாளியின் சொல்லைக் கூட்டத்தின்முன் மறுக்க எனக்கு வழியில்லை.

2. மெட்ராஸ் ஐ

தொடரை வரைந்தவர்கள் நுட்பமானவர்கள். இயந்திர வீரன் எந்தக் காட்சியிலும் இமைப்பதில்லை. அதைக் கதையில் எவரும் வாய்விட்டுச் சொல்வதுமில்லை. பார்ப்பவர்தாம் கண்டுகொள்ள வேண்டும். பூ விற்கும் அஞ்சலை கண்டுகொண்டாள்.

"இன்னா பாய், உங்க தம்பி கண்ணே கொட்ட மாட்டேங்கறான்?"

"மெட்ராஸ் ஐ வந்துருக்குது. எரியுதுல்ல?"

"எரிஞ்சா இன்னும் சாஸ்தியாதான கொட்டுவான்!"

கொட்டகையே சிரித்தது. அவள் என் பக்கம் திரும்பினாள். "புலவரே, நீங்க சொல்லுங்க. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க."

நான் மைக்கில் இருமினேன்.

3. கடைசிக் கேசட்

இறுதிக் கேசட்டைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பாயிடம் ஓடினேன். வீரனைக் காக்கக் குண்டின் குறுக்கே பாய்கிறது அந்த உருவம். மார்பு பிளந்து பற்சக்கரங்கள் தெறிக்கின்றன.

"தம்பி நெஞ்சுல சக்கரம் ஏதுன்னு கேட்டா இன்னா சொல்லுவீங்க பாய்?"

"ஆப்ரேசன் பண்ணி வச்சுட்டாங்கன்னு சொல்லுங்க!"

அதையும் நான் சொன்னால், இனி அந்தக் கொட்டகையில் என் சொல்லை ஒருவரும் நம்பார். நம்பாதவர்களுக்குக் கதை சொல்லி என்ன பயன்? பழைய கேசட்டிலிருந்து விஞ்ஞானி பேசும் காட்சியை முதலில் போட்டால்தான் மைக்கைத் தொடுவேன் என்று நின்றேன். பாய் முறைத்தார். மேல்சித்தாமூர் பஸ்ஸில் வந்திறங்கிய கூட்டம் வாசலை அடைத்து நிற்கவே, முணுமுணுத்துக்கொண்டு இசைந்தார்.

காட்சி ஓடியது. "அது தம்பியன்று, இயந்திரம்" என்று தெளிவாகச் சொன்னேன்.

"நான் அப்பவே சொன்னேன்ல!" என்று அஞ்சலை எழுந்துவிட்டாள். "மெட்ராஸ் ஐயாம், மெட்ராஸ் ஐ!" பாய் டெக்கைத் துடைப்பவர்போல் குனிந்துகொண்டார்.

பின்னர் இறுதிக் கேசட் ஓடியது. சக்கரங்கள் தெறித்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. வீரனின் மடியில் கிடந்த அந்த உருவம், தொடர் முழுவதும் இமைக்காத தன் கண்களை மெல்ல மூடியது.

"ஐயோ, கொட்டிட்டான்" என்றாள் அஞ்சலை, தனக்குள் பேசுபவள்போல்.

"இன்னா புலவரே, சும்மா நிக்கறீங்க? எதுனா சொல்லுங்க!" என்று பாய் பின்னாலிருந்து இடித்தார்.

கதை சொல்லும் தொழிலுக்கு வரும் இளையவர்கள் முதலில் கற்க வேண்டியது மைக்கை எப்போது அணைப்பது என்பதைத்தான். நான் அணைத்தேன். பாய் அதைப் பிடுங்கி மீண்டும் போட்டார்.

"தம்பிக்குக் கண்ணு சரியாயிடுச்சுங்க!"